மூன்றாம் நம்பர் கேப்

மே 16, வெள்ளி

கத்திரி வெயில். கோச்சடையிலிருந்து கப்பலூர் போவதற்குள் அப்பாவின் பைக் சீட்டில் பாதி வெந்தேன். மீதியை லாரி ஷெட்டின் தகரக் கூரை வேகவைத்தது.

நான் ஷெட்டுக்கு நாடு கடத்தப்பட்ட காரணம்: நேற்று எதிர்வீட்டு கேட்டில் ‘இன்று இலவச மோர் வழங்கப்படும்’ என்று அட்டை எழுதி மாட்டியது. பதினோரு மணிக்குள் இருபது பேர் சொம்போடு வரிசை. எதிர்வீட்டு மாமா பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்த காட்சிக்காகவே செய்தேன். அம்மா அப்பாவிடம், “இவள இங்க விட்டா தெருவே என்னைய வையும். காலேஜ் தொறக்குற வரைக்கும் நீங்களே கூட்டிக்கிட்டுத் திரிங்க.”

எங்கள் லாரி என்னைவிட ஒரு வயது மூத்தது. அக்கா மாதிரி. ஆனால் அக்கா நீலப் புகை விடுகிறாள், டீசலோடு ஆயிலும் குடிக்கிறாள். ஜூனிலிருந்து கொடைக்கானலுக்கு சிமென்ட் லோடு கிடைத்திருக்கிறது. இந்த இன்ஜினோடு மலை ஏறினால் அப்பாதான் பின்னாலிருந்து தள்ள வேண்டும். புது இன்ஜின் வாங்க வழியில்லை. ஆகவே பழசைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, இழுவைக்கு ஒரு டர்போவும் வைக்கப் போகிறார்கள்.

திட்டம்:
லைனர், பிஸ்டன் – புதுசு.
கிராங்க் – லேத் பட்டறையில் கடைந்து மெருகு.
டர்போ – காயலான் கடை.
பெரிய ரேடியேட்டர் – அதுவும் காயலான் கடை.
நான் – இலவசம்.

மெக்கானிக் பெயர் தவசி. வாயைத் திறந்தால் தவம் கலைந்துவிடும். இனி த.அ. (தவசி அண்ணே). என்னைப் பார்த்ததும் அப்பாவிடம், “என்னண்ணே, இன்ஜின்தான் பிரிக்கணும்னீங்க. இதையும் பிரிக்கணுமா?”

“இத பிரிச்சா திரும்ப மாட்ட முடியாதுண்ணே” என்றேன் நான். த.அ. சிரித்துவிட்டார். சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம்.

மே 17, சனி

இன்ஜின் இறங்கிவிட்டது. கை, கழுத்து, காது எல்லாம் கிரீஸ். குளித்தும் போகவில்லை.

இன்று கற்றது. ஆறு பிஸ்டனுக்கு ஆறு ராடு. ஒவ்வொரு ராடின் அடியிலும் அரைவட்ட மூடி ஒன்று, பெயர் கேப். ராடும் கேப்பும் சேர்ந்து கிராங்கை (சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டு) கட்டிப்பிடித்துக்கொள்ளும், இரண்டு போல்ட் இறுக்கிவிட வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் கம்பெனியில் துளை கடைவார்களாம்.

த.அ. விளக்கம்: “புருசன் பொஞ்சாதி மாதிரி. இவன் கேப்ப அவனுக்கு மாட்டுனா போல்ட்டு ஏறும். குடும்பம் நடக்காது.”

“நடத்துனா?”

“கிராங்க இறுக்கும். அதையும் மீறி ஓட்டுனா இன்ஜினு டைவர்ஸ்.”

அதனால் எந்தக் கேப் எந்த ராடுக்கு என்று அடையாளம் வேண்டும். எங்கள் இன்ஜினை முன்பு பிரித்த மகராசன்கள் ஆளாளுக்கு நம்பர் அடித்திருக்கிறார்கள். இரண்டு ‘2’ இருக்கிறது, ‘5’ இல்லவே இல்லை. மறுபடி அடித்தால் இன்னும் குழப்பம். த.அ. யோசித்துக்கொண்டே என் விரலைப் பார்த்தார். “அந்தச் செவப்புப் பாலீசு பையில இருக்கா?”

இருந்தது. ராடில் 1 முதல் 6, கேப்பில் 1 முதல் 6, என் கையால் எழுதினேன். காய்ந்ததும் டீசலில் கழுவிப் பார்த்தோம். அசையவில்லை.

“இந்த ஷெட்டுல இம்புட்டு அழகா எவன் எழுதியிருக்கான்? இனிமே நம்பர் பூராம் நீதான்.”

வீட்டுக்கு வரும்போது பைக்கில் நான் உட்காரவில்லை, மிதந்தேன்.

மே 19, திங்கள்

காசிம் பாயின் லேத் பட்டறை. ஷெட்டிலிருந்து நாலாவது கட்டடம். கிராங்கை இரண்டு பேர் தூக்கி தட்டுவண்டியில் வைத்துத் தள்ளிப் போனோம், நான் வழிவிடச் சொல்லிக் கத்தினேன். அதுவும் வேலைதான்.

கா.பா.வுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். போன வருடம் இடது கண்ணில் இரும்புத் தூள் தெறித்து ஆபரேஷன். இப்போது சரியாகத் தெரிகிறதாம். ஆனால் அளவு பார்க்கும் கருவியை வலது கண் பக்கமாகக் கொண்டுபோகிறார்.

எங்களுக்கு டர்போ தேடி மூன்று காயலான் கடை ஏறி இறங்கியது இவர்தான். அப்பா நன்றி சொன்னால், “அட, போங்கண்ணே. அது அங்க துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, நாம எடுத்தோம்” என்கிறார்.

அளவெல்லாம் இங்கே ‘தவ்’ கணக்கு. தவ் என்றால் என்ன பாய் என்று கேட்டேன். என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி கருவியில் வைத்துப் பார்த்தார். “உன் முடி ரெண்டே முக்கால் தவ் பாப்பா. அப்ப ஒரு தவ் எம்புட்டுன்னு நீயே பாத்துக்க.”

“ரெண்டே முக்காலா? ஷாம்பூக்காரய்ங்க ஏமாத்திட்டாய்ங்க பாய்.”

லேத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கிராங்கில் தேய்மானம் போக இருபது தவ் எடுக்கணும், அதற்குத் தகுந்த பேரிங் வாங்கிக்கங்க என்று எழுதிக் கொடுத்தார்.

தவசிக்குத் தவ், எனக்குத் தவ்வல் (தாவுகிற குட்டி). இதை த.அ.விடம் சொன்னேன். புரியவில்லை. வீணாய்ப் போன நகைச்சுவை எண் 1.

மே 22, வியாழன்

கிராங்க் வந்துவிட்டது. முகம் பார்க்கலாம். பார்த்தேன், மூக்கு நீளமாகத் தெரிந்தது.

மத்தியானம் சோறு சாப்பிடும்போது த.அ. பெருமை: “இருவது வருச சர்வீசு. கண்ணக் கட்டிவிட்டாலும் எந்தக் கேப் எந்த ராடுக்குன்னு தடவியே சொல்லிருவேன்.”

“பாத்துருவமா?”

“பாரு.”

சாப்பிட்டு அவர் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். பையில் பாலீஷ் துடைக்கிற மருந்து. மூன்றாம் நம்பர் கேப்பைத் துடைத்து 4 என்று எழுதினேன். நாலைத் துடைத்து 3. ராடில் கை வைக்கவில்லை. இரண்டு நிமிட வேலை. கேப் கிடைத்தால் கேப்பை மாற்றாமல் எப்படி இருப்பது?

திட்டம்: நாளைக் காலை மாட்டுவதற்கு முன் தடவிப் பார்ப்பார், முழிப்பார், நான் கை தட்டுவேன், உண்மையைச் சொல்வேன், ஒரு வாரத்துக்கு டீ அவர் செலவு.

எழுதி முடிப்பதற்குள் அம்மா போன். அலங்காநல்லூரில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. இப்போதே வரணுமாம். பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம்.

மே 24, சனி. அலங்காநல்லூர்

வளைகாப்பு. அக்காவின் கையில் முழங்கை வரை வளையல். நடந்தால் ஐஸ் வண்டி வருகிற மாதிரி சத்தம். ஏழு வகைச் சோறு, நான் எட்டு வகை சாப்பிட்டேன் (புளியோதரை இரண்டு தடவை).

மாமா ஒருவர்: “என்ன மாப்ள, பொண்ணு லாரி மெக்கானிக்காமே?” அப்பா: “ஆமாப்பா, நம்பர் எழுதுறதுல கெட்டிக்காரி.”

நாள் முழுக்க எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி ஒரு உறுத்தல். சார்ஜர் என்று நினைத்துப் பையைக் கொட்டினேன். சார்ஜர் இருக்கிறது.

மே 26, திங்கள்

சார்ஜர் இல்லை. கேப்.

ஷெட்டு வாசலில் பைக் நிற்கும்போதே நினைவு வந்தது. இறங்கி ஓடினேன்.

உள்ளே த.அ. நீளக் கம்பியைப் போட்டு கிராங்கைச் சுற்றப் பார்க்கிறார். நகரவில்லை. வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். ஒவ்வொரு கேப்பாகத் தளர்த்திப் பார்த்திருக்கிறார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு சரி. மூன்றும் நாலும் இறுக்கினால் கிராங்க் சிக்கிக்கொள்கிறது.

நான்: “கேப்பத் தடவிப் பாத்துத்தான மாட்டுனீங்கண்ணே?”

“எதுக்குத் தடவணும்? நீதான் எழுதியிருக்கேல்ல. அப்புறம் என்னத்தப் பாக்குறது?”

இதைச் சாதாரணமாகச் சொன்னார். கம்பியைத் துடைத்துக்கொண்டே.

அப்பா: “அப்ப எங்க தப்பு?”

த.அ.: “ராடு நம்ம ராடு. பேரிங் புதுசு. மிச்சம் என்ன? கிராங்குதான். மூணும் நாலும் வட்டமா இல்ல. பாய் அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு கோட்டை விட்டுட்டாருண்ணே. சொல்லவும் சங்கடமா இருக்கு.”

வாயைத் திறந்தேன். டீ வந்தது. குடித்தேன்.

அவ்வளவுதான் இன்றைக்கு என் வீரம்.

மே 27, செவ்வாய்

அனல் காற்று. கிராங்க் திரும்பவும் லேத்துக்கு. நானும் பின்னாலேயே. போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கா.பா. மூன்றையும் நாலையும் அளந்தார். துணியால் துடைத்தார். மறுபடி அளந்தார். “சரியா இருக்கே தவசி.”

“உங்க கருவிக்குச் சரியா இருக்கு பாய். என் கைக்கு இறுக்குது. யாரு பொய் சொல்றது?”

“நீ பொய் சொல்லுவியாப்பா? இரு, இன்னொரு தடவ பாக்குறேன்.”

மூன்றாம் தடவை. பிறகு என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நீ வந்து பாரு. சின்னக் கண்ணு.”

பார்த்தேன். கோடு அவர் சொன்ன இடத்தில், அச்சு அசலாக நின்றது. “சரியாத்தான் இருக்கு பாய்.”

“அவளுக்கு என்ன தெரியும்?” என்றார் த.அ.

எனக்குத்தான் தெரியும். இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

கா.பா. கண்ணாடியைக் கழற்றி பனியனில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “இருக்கட்டும். இன்னும் பத்து எடுத்து, முப்பது தவ்வா மறுபடி கடைஞ்சு தாரேன். அதுக்குத் தகுந்த பேரிங்கும் நானே வாங்கித் தாரேன்.”

அப்பா: “அட, வேணாம் பாய். பாதி நான் போட்டுக்கிறேன்.”

“என் தப்புக்கு உங்க காசாண்ணே?”

‘என் தப்பு.’ அந்த வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டார். பக்கத்திலேயே அதன் சொந்தக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீக்கடையில் யாரோ ஒரு டிரைவர் இன்னொருவரிடம்: “பாய்க்கு கண்ணு போச்சாம்ல?” “எவன் சொன்னான்?” “தவசி ஷெட்டுல கிராங்க் திரும்பி வந்துருக்குடா.”

இன்று சொல்லியிருக்கக்கூடிய நேரங்கள்: லேத் வாசலில். அவர் இரண்டாம் தடவை அளந்தபோது. மூன்றாம் தடவை. கண்ணாடி துடைத்தபோது (அப்போதுதான் நிச்சயமாக). டீக்கடையில். பைக்கில். இப்போது.

மே 28, புதன்

சொல்லிவிட்டேன். சொன்னதாகவும் ஆகவில்லை.

பழங்காநத்தம் சிக்னலில் பைக் நிற்கும்போது, அப்பாவின் முதுகைப் பார்த்து: “அப்பா, நான்தான் கேப்ப மாத்தி எழுதுனேன். மூணையும் நாலையும்.”

அப்பா சிரித்தார். “மோர்ப் பந்தல் மாதிரியா?”

“நெசமாப்பா.”

“ஏத்தா, பாய் மேல பாவப்படுற, தெரியுது. நல்ல மனசுதான். ஆனா இதுல வெளாடாத. மனுசன் பொழப்பு.”

மறுபடி சொல்லியிருக்க வேண்டும். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். வண்டி போய்விட்டது, நானும் அதோடு போய்விட்டேன்.

பதினேழு வருடமாக ஊரைச் சிரிக்க வைத்ததற்குக் கூலி: உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

மே 30, வெள்ளி

கா.பா. முப்பது தவ் போட்டு கிராங்கைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் முழுக்க இதே வேலையாம், வேறு எதையும் தொடவில்லையாம்.

அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது எனக்கு ஒரு மகா புத்திசாலித்தனம் தோன்றியது. கேப் எல்லாம் சாக்கின் மேல் கழற்றி வைத்தபடி இருக்கிறது. நம்பரை மட்டும் பழையபடி மாற்றி எழுதிவிட்டால் ராடும் கேப்பும் ஜோடி சேர்ந்துவிடும். கிராங்க் சுற்றும். இன்ஜின் ஓடும். அப்பா மலை ஏறுவார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நேற்று மத்தியானம் த.அ. போல்ட் வாங்கப் போன நேரத்தில் செய்தும் முடித்தேன். அவசரத்தில் 4-இன் கால் வளைந்துவிட்டது.

இன்று காலை மாட்டினார்கள். த.அ. ஒற்றைக் கையால் கிராங்கைச் சுற்றினார். வெண்ணெயில் கத்தி மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு நாள் கழித்து வந்த முதல் சிரிப்பு.

த.அ. ஷெட்டே கேட்கிற மாதிரி: “பாத்தீங்களாண்ணே! முப்பது போட்டதும் எப்புடிச் சுத்துது! அப்ப மொதல்ல கடைஞ்சது தப்புத்தான? அளவு சரி, அளவு சரின்னாரே, இப்ப என்ன சொல்லுவாரு பாய்?”

பக்கத்து ஷெட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை சுற்றிக் காட்டினார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நேற்று வரைக்கும் பாய் மேல் சந்தேகம்தான் இருந்தது. இன்றைக்கு நிரூபணமே ஆகிவிட்டது. என் தப்பைத் துடைத்த பஞ்சாலேயே அவர் பெயரில் கறை பூசியிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

இன்ஜின் ஓடுகிறது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பம்பரில் மாலை, பூசணிக்காய் உடைத்து, அப்பா சாவியைத் திருப்பினார். இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. புகையில் துளி நீலம் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ விசில் அடிக்கிறது. அப்பாவின் முகத்தை இப்படி நான் பார்த்ததில்லை. என் மார்க் ஷீட்டுக்குக்கூட இல்லை (நியாயம்தான்).

கா.பா. வந்திருந்தார். எல்லாருக்கும் பின்னால் நின்றார். த.அ. கற்பூரத் தட்டோடு போகிறபோது, “பாய், மொதல்ல அந்தக் கண்ணாடிய மாத்துங்க. நாங்க வேணா சீட்டுப் போட்டு வாங்கித் தாரோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். கா.பா.வும் சிரித்தார். “நெசந்தான்ப்பா. மாத்தணும்.”

நான் கேலி பேசினால் ஜனங்கள் இப்படித்தான் நிற்பார்களா? சிரித்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்?

பூசணிக்காயில் கொஞ்சம் என் செருப்பில் ஒட்டியிருந்தது. கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

நாளை அப்பாவுக்கு முதல் மலை லோடு. நான் ஷெட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. போனேன். ஷெட்டுக்கு இல்லை, லேத்துக்கு.

சுவரோரம் எப்போதும் மூன்று நாலு கிராங்க் காத்திருக்கும். இன்று தரையில் எண்ணெய்க் கறை மட்டும். கேட்டேன்.

“எடுத்துட்டுப் போயிட்டாங்க பாப்பா. ஒருத்தரு அவசரம்னாரு. இன்னொருத்தரு ஒண்ணும் சொல்லல.” பின்னால் இருக்கிற பெரிய மெஷினைக் காட்டினார், கிராங்க் கடைவதற்கென்றே உள்ளது. “இத குடுத்துரலாம்னு இருக்கேன். திண்டுக்கல்லு ஆளு வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன்னுருக்காரு. சின்னச் சின்ன புஷ்ஷு, பின்னு போதும். தப்பு விட்டாலும் யாரு வண்டியும் மலையில நிக்காது.”

“உங்க கண்ணு நல்லாத்தான் பாய் இருக்கு.”

“டாக்டரும் அதான் சொல்றாரு. கிராங்கு அப்புடிச் சொல்லலையே.”

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வாந்தி எடுத்தேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்காமலே.

ஜூன் 4, புதன்

அப்பா விடியற்காலையில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் தனியாக பஸ்ஸில் கப்பலூர். வழியெல்லாம் ஒத்திகை. நாலு விதமாகத் தொடங்கிப் பார்த்தேன், மூன்றில் நகைச்சுவை இருந்தது. மூன்றையும் தூக்கிப் போட்டேன்.

“பாய், கேப் ரெண்ட நான் மாத்தி எழுதிட்டேன். மூணும் நாலும். தவசி அண்ணன முட்டாளாக்கணும்னு. நீங்க மொதல்ல கடைஞ்சது சரி. ரெண்டாவது தடவ மாட்டுறதுக்கு முன்னாடி நானே திருப்பி எழுதிட்டேன். அதான் சுத்துச்சு.”

லேத்தை நிறுத்தினார். அது சுற்றி நின்றதும் கேட்டார்:

“எத்தன நாளு?”

“எது பாய்?”

“கிராங்கு இறுக்குனது உன்னாலன்னு உனக்குத் தெரிஞ்சு எத்தன நாளு?”

விரல் விட்டு எண்ணினேன். “ஒம்பது.”

“ஒம்பது நாளா கண்ணுக்கு மருந்து விட்டுக்கிட்டு இருக்கேன். மூணு வேளை.”

அழுகை வந்துவிட்டது. அவர் கையை உயர்த்தினார். “அழுகாத. நீ அழுதா நான் சமாதானம் சொல்லணும். இப்ப எனக்கு அது முடியாது.”

நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கா என் மேல சந்தேகம்? ...எனக்கும்தான். அது போகுது. பேச்சு எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் போய்ச் சொல்லு. சிரிக்காம சொல்லு.”

அடுத்து த.அ. முதலில் நம்பவில்லை. பிறகு கோபம். “அப்ப நான் பாக்காம மாட்டுனேன்னு ஊர் பூராம் சொல்லப் போறியா?”

“ஆமாண்ணே. நான் எழுதுனத நம்புனீங்க, அதான் பாக்கலன்னு சொல்லுவேன்.”

ஸ்பேனரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு: “ரெண்டாவது தடவ மாட்டும்போது மூணும் நாலும் மட்டும் புதுப் பாலீசா பளபளன்னு இருந்துச்சு. நானும் பாத்தேன். கேக்கல.”

“ஏண்ணே?”

“கிராங்கு சுத்திருச்சுல்ல.”

அப்பாவுக்கு போன். வத்தலகுண்டு தாண்டி டீக்கு நிறுத்தியிருந்தார். எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பின்னால் இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சிக்னல்ல சொன்னேல்ல நீ” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

போக வேண்டிய இடம் ஒன்பது. ஏழு முடிந்தது.

1. டீக்கடை. மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தவே இல்லை. “அட வினையே” என்றார். வருகிறவர்களிடம் சொல்வாராம். சொல்வார், பாலைவிட வேகமாகப் பொங்குகிற வாய்.

2. பக்கத்து ஷெட். எட்டிப் பார்த்த இரண்டு பேரும் இருந்தார்கள். “கேமரா எங்க வெச்சுருக்க?” என்று கூரையைத் தேடினார்கள். ரீல்ஸ் எடுக்கிறேன் என்று நினைப்பு. கேமரா இல்லை என்று நம்ப வைக்கவே கால் மணி நேரம்.

3. பெயின்ட் ஷெட். “தவசி என்ன சொல்றான்?” எனக்குப் பின்னால் குரல்: “நெசம்தாம்ப்பா. நானும் பாக்காம விட்டுட்டேன்.” த.அ.! நான் கூப்பிடவில்லை. சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். என்னிடம் இன்னும் பேசவில்லை.

4. லாரிக்குப் பாடி கட்டுகிற இடம். பெரியவர் ஒருவர், “ஒரு வாரம் அந்த மனுசன் மூஞ்சிய எப்புடிப் பாத்த?” என்றார்.

5, 6. சரி சரி என்றார்கள். கேட்டார்களா தெரியவில்லை. ஆறாவது இடத்தில் நடுவில் சிரிப்பு வந்துவிட்டது, பயத்தில். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

7. இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளி. பாயிடமிருந்து கிராங்கை எடுத்துப் போன ‘அவசர’ ஆள். பொறுமையாகக் கேட்டார். ஸ்டூல் எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். “தைரியமா வந்து சொல்ற பாரு, நல்ல புள்ள. பாய் மேல தப்பு இல்லன்னு நல்லா வெளங்குது.”

“அப்ப கிராங்க திரும்பக் குடுத்துருவீங்களாண்ணே?”

“அது வேற எடத்துல குடுத்தாச்சும்மா.”

“அடுத்தது?”

தலையைச் சொறிந்தார். “பாய் நல்ல வேலைக்காரருதான். இருந்தாலும்...”

நம்பாதவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லலாம். இவர் நம்பிவிட்டார். நம்பிவிட்டு ‘இருந்தாலும்’ என்கிறவரிடம் என்ன சொல்வது? தண்ணீரைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா சோற்றுத் தட்டை என் முன் தள்ளினார். அப்பா வந்துவிட்டார். வண்டி எப்படி இழுத்தது என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலையிலேயே லேத். திண்டுக்கல் ஆள் வருகிற நாள். கா.பா. ஜும்மாவுக்குப் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ஓடினேன். பெரிய மெஷினைத் துடைத்துவைத்திருந்தார், விற்கிற பொருளைத் துடைக்கிற மாதிரி.

ஏழு இடத்தையும் வரிசையாகச் சொன்னேன். கேமரா தேடியதற்கு லேசாக உதடு அசைந்தது. த.அ. வந்து சொன்னதற்கு, “வந்தானா?” என்று மட்டும்.

“அந்த ரெண்டு லாரி மொதலாளி என்ன சொன்னாரு?”

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ‘அடுத்த கிராங்க் உங்களுக்குத்தானாம் பாய்.’ நான் சொன்னால் சரளமாக வரும், முகமும் ஒத்துழைக்கும். அவரும் சந்தோஷப்படுவார். மெஷினைக்கூட விற்காமல் இருப்பார்.

“நம்பிட்டாரு பாய். ‘இருந்தாலும்’னாரு.”

தலையாட்டினார். எதிர்பார்த்த மாதிரிதான். வேஸ்ட் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

போன் அடித்தது. எடுத்தார். “ஆமாங்க... இல்லங்க, இன்னிக்கு வர வேணாம்... விக்கலன்னு சொல்லலங்க. இன்னிக்கு வேணாம்னுதான் சொல்றேன்.” வைத்துவிட்டார்.

என்னைப் பார்த்தார். “மிச்சம் எத்தன எடம்?”

“ரெண்டு பாய். டயர் கடை, எடை மேடை.”

“அப்புறம் ஏன் இங்க நின்னுக்கிட்டிருக்க?”

டயர் கடை இன்னும் திறக்கவில்லை. வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். சுடுகிறது. ஷட்டர் தூக்குகிற சத்தம்.